அரசர் கேட்ட பழசாகாத படம்

முன்னொரு காலத்தில், எங்கே இருந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாத ஒரு நாட்டை மணிமார்பர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர். ஏரிக்கரை உடைந்தது என்று கேள்விப்பட்டால் சாப்பாட்டுக் கையோடு எழுந்து ஓடுவார். பஞ்சம் வந்தால் அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்துவிடுவார். இத்தனை நல்லவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. உடைப் பைத்தியம்.

அவர் உடுத்தியதைத்தான் சபையில் எல்லோரும் உடுத்துவார்கள். அவர் எதை உடுத்த வேண்டும் என்று சொல்பவர் வல்லபராயர். அரண்மனை ஆடைமண்டபத்துக்கு அவர்தான் அதிகாரி. மழைக்காலத்தில் தலைப்பாகை வலப்பக்கம் சாய வேண்டும் என்பார். பனிக்காலம் வந்தால் அது கோபுரம் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும் என்பார். ஒரு சமயம் அங்கியின் கை விரல்களைத் தாண்டி ஒரு முழம் தொங்கினால்தான் கௌரவம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பருவம் முழுக்க, விருந்துக்கு வந்த பிரபுக்கள் பாயசத்தைக் குடித்தார்களோ இல்லையோ, அவர்கள் சட்டைக்கை நன்றாகக் குடித்தது.

இந்தக் கூத்தையெல்லாம் ஒரே வேட்டி, ஒரே துண்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் சாத்தப்பன். அவன் அந்தச் சபையின் விகடகவி. ஒல்லியான ஆள், ஓட்டை வாய். மனதில் ஒன்று தோன்றினால் அது நாக்குக்கு வந்த பிறகுதான் மூளைக்குத் தெரியும். அரசருக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். ராயருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

அரண்மனையில் வடிவு என்று ஓர் ஓவியப் பெண் இருந்தாள். கடற்கரை ஊர்க்காரி. கணவர் வண்ணம் அரைத்துக் கொடுப்பார், இவள் வரைவாள். பார்த்ததைப் பார்த்தபடி வரைவதுதான் அவளுடைய வித்தை, அவளுடைய வினையும் அதுதான். ராயர் ஒருமுறை கோடைவெயிலில் அங்கிமேல் அங்கி, சால்வைமேல் சால்வை என்று போர்த்திக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். அவளும் ஒரு மடிப்பு விடாமல் வரைந்தாள். கூடவே, அவர் நெற்றியிலும் மூக்குநுனியிலும் துளிர்த்திருந்த வேர்வையையும் வரைந்துவிட்டாள். படத்தைச் சபையில் திறந்தபோது சாத்தப்பன் சும்மா இருந்திருக்கலாம். "ஆடையெல்லாம் பிரமாதம் ராயரே! உள்ளே ஒருத்தர் வெந்துகொண்டிருக்கிறார், அவரைத்தான் யாராவது வெளியே எடுக்க வேண்டும்" என்றான். சபை குலுங்கிச் சிரித்தது. ராயர் அன்றைக்கே மனதில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அந்த முடிச்சை இறுக்க ஒரு நாள் வந்தது.

பக்கத்து நாட்டிலிருந்து ஒரு தூதர் வந்திருந்தார். அரசர் அவரைச் சித்திரமண்டபத்துக்கு அழைத்துப்போய்த் தம் முன்னோர்களின் படங்களைக் காட்டினார். வரிசையின் கடைசியில் மணிமார்பரின் படமே இருந்தது. போன வருடம் வடிவு வரைந்தது, கோபுரத் தலைப்பாகை காலத்துப் படம். தூதர் அதன் முன் நின்று, படத்தையும் அரசரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜாடை அப்படியே இருக்கிறதே! இவர் தங்கள் பாட்டனாரா?"

அது நான்தான் என்று சொல்ல அரசருக்கு நா எழவில்லை. "ஆமாம், பாட்டனார்தான்" என்று முனகினார்.

தூதர் பணிவாகக் குனிந்து படத்தை வணங்கினார். "மகாராசா எப்போது காலமானார்?"

"சென்ற ஆண்டு" என்றார் அரசர்.

தூதர் ஊர் திரும்பிய பிறகு அரசர் சரியாகச் சாப்பிடவில்லை. சிங்காசனத்தில் உட்கார்ந்தால் பெருமூச்சு. கடைசியில் ஒரு நாள் முழுச் சபையையும் கூட்டினார். வடிவையும் வரச் சொன்னார்.

"பெண்ணே! உயிரோடு இருக்கிற என்னை ஒரே வருடத்தில் பாட்டனார் ஆக்கிவிட்டாய். ஒரு வேற்றுநாட்டான் வந்து எனக்கே இரங்கல் சொல்லிவிட்டுப் போகிறான். இதற்கு என்ன பதில் சொல்கிறாய்?"

வடிவு கைகூப்பியபடி நின்றாள். அன்று அரசர் எதை உடுத்தியிருந்தாரோ அதைத்தான் வரைந்தாள். அதற்குப் பிறகு உடை மாறியது அவள் குற்றமா?

ராயர் மெல்ல எழுந்தார். "அரசே, இவள் கையில் திறமை போதாது. வேறு ஓவியரை வைத்துக்கொள்வதே அரண்மனைக்கு அழகு. இவளை இன்றே ஊருக்கு அனுப்பிவிடலாம்."

சாத்தப்பனுக்குப் பொறுக்கவில்லை. "கையில் குறையில்லை ராயரே. அரசரை மாதம் ஒரு கோலம் போட வைத்தது யார்?"

"அப்படியா? கையில் குறை இல்லையென்றால், என்றைக்கும் பழசாகாத ஆடையில் அரசரை இவளால் வரைய முடியுமா?"

"முடியும்" என்றான் சாத்தப்பன்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. சிங்காசனத்தில் அரசர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது மாதிரி அவர் கண்கள் மின்னின.

"சாத்தப்பா! உண்மையாகவா? இன்று பார்த்தாலும் புதிது, என் பேரன் காலத்தில் பார்த்தாலும் புதிது, அப்படி ஒரு படமா?"

இனிப் பின்வாங்கினால் வடிவு அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். "ஆமாம் அரசே" என்றான்.

ராயர் சிரித்துக்கொண்டார். அவனுடைய குறுக்குப் புத்தி அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் எல்லா வாசலையும் ஒவ்வொன்றாக அடைத்தார்.

"அரசே, இவன் உடையை மறைத்து ஏமாற்றுவான். ஆகவே திரை, குடை, கேடயம், பூக்குவியல் எதன் பின்னாலும் தங்களை ஒளித்து வைக்கக் கூடாது. கழுத்துவரை நீரில் நிற்பதாக வரையக் கூடாது. காவி உடுத்திய துறவியாகவும் வரையக் கூடாது, தாங்கள் துறவி அல்லவே. வெறும் முகத்தை மட்டும் வரைந்துவிட்டு ஆடையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லக் கூடாது. தலை முதல் கால் வரை தெரிய வேண்டும்."

"சரிதான்" என்றார் அரசர். "வசந்த விழாவன்று சபையில் படத்தைத் திறக்க வேண்டும்."

"முடியாமல் போனால்?" என்று ராயர் விடவில்லை. "வடிவு நாட்டைவிட்டுப் போக வேண்டும். சாத்தப்பனார் தாராளமாகச் சபைக்கு வரலாம், உட்காரலாம். ஆனால் வாய் திறக்கக் கூடாது. ஆயுசு பூராவும்."

அரசர் கொஞ்சம் தயங்கினார். ஆனால் படத்தின் ஆசை பெரிதாக இருந்தது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

சபை கலைந்தது. வடிவு சாத்தப்பனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறு என்று நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான். அவள் வீட்டு முற்றத்தில், வண்ணக் கிண்ணங்களுக்கு நடுவில்தான் அவளைப் பிடிக்க முடிந்தது.

"வடிவு, கொஞ்சம் நில்லம்மா."

"பேசாதீங்க அண்ணே. பேசிப் பேசித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கோம்." அவள் ஒரு தூரிகையை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "என்னை அனுப்பினா நான் பாட்டுக்கு எங்க ஊருக்குப் போயிருப்பேன். கோயில் சுவருக்கு வெள்ளை அடிச்சாவது பொழைச்சிருப்பேன். இப்போ நாட்டுக்குள்ளேயே கால் வைக்க முடியாதபடி பண்ணிட்டீங்களே!"

"உன்னைத் திறமை இல்லாதவள்னு சபையில சொன்னாரே, அதை நான் எப்படிம்மா கேட்டுக்கிட்டு நிப்பேன்?"

அவள் கை நின்றது. கண் கலங்கியிருந்தது. "சரி, சொல்லுங்க. எந்த உடையை வரையணும்? வரையறேன்" என்றாள்.

"அதுதான் எனக்கும் தெரியலை" என்றான் சாத்தப்பன்.

அதைக் கேட்டு அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று சொல்வார்கள்.

அன்றிலிருந்து இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். போர்க்கவசம் போட்டு வரையலாமா? கவசமும் போன வருடம்தான் மாறியது, தோளில் யாளி முகம் வைத்தார்கள். பட்டாபிஷேக உடை? அதையே ராயர் இரண்டு தரம் மாற்றிவிட்டார். வேட்டைக்குப் போகிற உடை? அது மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. எதை எடுத்தாலும் அதற்கு ஒரு காலம் இருந்தது, காலம் போனதும் அது பாட்டனார் உடை ஆகிவிட்டது.

சாத்தப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் போகும்போது பழகியவர்கள், "என்ன கவிராயரே, இன்றைக்கு என்ன விகடம்?" என்று கேட்பார்கள். அவன் வாயைத் திறப்பான், ஒன்றும் வராது. பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இப்போதே பழகிப் பார்க்கிறோமோ என்று அவனுக்குத் தோன்றும். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே பேசுவான். சுவர் சிரிக்காது. அப்போதுதான் அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. தான் வாயை மூடுவதுகூடப் போகட்டும், தன்னை நம்பிய ஒரு பெண்ணை வீடு வாசல் இல்லாமல் ஆக்கிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

விழா நெருங்கியது. வடிவு முன்னால் உட்காருவதற்காக அரசர் சித்திரமண்டபத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். அவள் கரித்துண்டால் தாள்தாளாக வரைந்து பார்த்தாள். ஒவ்வொன்றிலும் தலைப்பாகை நன்றாக வந்தது, சரிகை நன்றாக வந்தது, முத்துக்குஞ்சம் நன்றாக வந்தது. அரசர் மட்டும் யாரோ இரவல் கொடுத்த மாதிரி உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை அரசர் வந்தபோது, வசந்த விழாவுக்கென்று தைக்கச் சொன்ன புது அங்கி வரவில்லை. பதிலாக அரண்மனைத் தையற்காரர் இருளப்பன் வந்தார். இருளப்பன் கெட்டிக்காரர், அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதவர்.

"அங்கி எங்கே இருளப்பா?" என்றார் அரசர்.

"அரசே, அளவு கொஞ்சம் இடிக்கிறது. தாங்கள் மாம்பழக் காலத்தில் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறீர்கள். மறுபடி ஒருமுறை அளவெடுத்தால் நன்றாக இருக்கும்."

அரசர் சலித்துக்கொண்டே மேலாடைகளைக் கழற்றினார். உள்ளே கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றார். இருளப்பன் அளவு நூலை எடுத்து அக்குளுக்கு அடியில் கொண்டுபோனார். அவ்வளவுதான், அரசர் துள்ளிவிட்டார்.

"ஐயோ, கூசுகிறது! கூசுகிறது இருளப்பா!"

"அசையாதீர்கள் அரசே."

"எப்படி அசையாமல் இருப்பது! மெதுவாக... ஹா ஹா... மெதுவாக!"

கைகளை விரித்தபடி, தோள்களைக் குறுக்கிக்கொண்டு, ராஜாதிராஜன் குழந்தை மாதிரி சிரித்தார். வடிவு யோசிக்கவே இல்லை. அவள் கை தானாக ஒரு தாளை இழுத்துக் கரித்துண்டை ஓட்டியது. இருளப்பன் குனிந்து இடுப்பை அளப்பதற்குள் படம் முடிந்துவிட்டது.

அரசர் போன பிறகு சாத்தப்பன் வந்தான். தரையில் பரப்பியிருந்த தாள்களைச் சோர்வோடு பார்த்துக்கொண்டே நடந்தவன், அந்த ஒரு தாளின் முன்னால் நின்றுவிட்டான்.

"இது என்ன வடிவு?"

"அதுவா? அது சும்மா அண்ணே. ராஜா அளவு கொடுத்துக்கிட்டு நின்னார். பார்க்க நல்லா இருந்துச்சு, வரைஞ்சேன். கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிக்காதே!" அவன் குந்தி உட்கார்ந்துகொண்டான். "இந்த வரிசையில நம்ம ராஜா இதுல மட்டும்தான் இருக்கார். மத்ததிலெல்லாம் துணிதான் இருக்கு." கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கேட்டான். "ஆமாம், எந்த அங்கிக்கு அளவெடுக்கிறார் இருளப்பன்?"

"யாருக்குத் தெரியும்? துணியே இன்னும் வெட்டலையாம்."

சாத்தப்பன் குந்தியிருந்த இடத்திலிருந்து அப்படியே எழும்பிக் குதித்தான். ஒரு வண்ணக் கிண்ணம் கவிழ்ந்தது. வடிவு பயந்துபோனாள்.

"என்னம்மா சொன்னே? இன்னொரு தரம் சொல்லு!"

"துணியே இன்னும் வெட்டலைன்னேன்."

"அதேதான்! வடிவு, இதையே பெரிசா வரை. வண்ணத்தில் வரை. ராஜா நிக்கட்டும், இருளப்பன் நூலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும், பக்கத்துல ஒரு பலகையில துணி மடிச்சபடி இருக்கட்டும். அந்த மடிப்புப் பிரியக் கூடாது. தெரிஞ்சுதா?"

"அண்ணே, ராஜாவை வெள்ளை வேட்டியோட வரையறதா? தலையை வாங்கிடுவாங்க!"

"என் வாயை நம்பு" என்றான் அவன்.

"அதை நம்பித்தானே இங்க வந்து நிக்கிறேன்" என்றாள் வடிவு. ஆனாலும் தூரிகையை எடுத்துவிட்டாள்.

படம் வளர்ந்தது. விழாவுக்கு முந்தின நாள், சித்திரமண்டபத்து அலங்காரத்தைப் பார்வையிடுகிற சாக்கில் ராயர் உள்ளே வந்தார். மூடியிருந்த துணியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். அரசரின் கணுக்கால் தெரிந்தது. இன்னும் தூக்கினார். வெள்ளை வேட்டி தெரிந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தில் துணியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, ஊரிலிருக்கும் பிரபுக்கள் அத்தனை பேருக்கும் ஆள் அனுப்பினார். "நாளைச் சபைக்கு யாரும் வராமல் இருந்துவிடாதீர்கள். இருப்பதிலேயே உயர்ந்த உடையில் வாருங்கள்."

வசந்த விழாவன்று சபை தேர் மாதிரி ஜொலித்தது. எங்கே பார்த்தாலும் சரிகை. ராயர் அங்கிமேல் அங்கி போட்டு, தலையில் ஒரு புதுத் தினுசு முண்டாசோடு வந்திருந்தார். அதன் இரண்டு பக்கமும் மயிற்பீலி முளைத்து, வாசலில் நுழைய அவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது. மேளம் கொட்டி ஓய்ந்தது. வடிவு துணியை இழுத்தாள்.

படத்தில் அரசர் வெள்ளை வேட்டியோடு கைவிரித்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

சிங்காசனத்தில் இருந்த அரசரின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"சாத்தப்பா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அது கோபம் அதிகமாகிவிட்டதற்கு அடையாளம். "இந்த நாட்டின் அரசனைக் குளிக்கப் போகிறவன் மாதிரி நிறுத்தியிருக்கிறீர்கள். நான் கேட்ட ஆடை எங்கே?"

"தையற்காரரிடம் இருக்கிறது அரசே" என்றான் சாத்தப்பன்.

"என்ன?"

"படத்தை நன்றாகப் பாருங்கள். தாங்கள் புது ஆடைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதோ பலகையில் துணி. இன்னும் மடிப்புப் பிரியவில்லை. இனிமேல்தான் வெட்ட வேண்டும், தைக்க வேண்டும். இன்று பார்ப்பவன், இன்றைய மோஸ்தரில் அரசர் தைக்கக் கொடுக்கிறார் என்பான். தங்கள் பேரன் காலத்தில் பார்ப்பவன், அவன் காலத்து மோஸ்தரில் தைக்கக் கொடுக்கிறார் என்பான். தைத்த ஆடைதானே அரசே பழசாகும்? தைக்காத ஆடை எப்படிப் பழசாகும்?"

அரசரின் புருவம் கொஞ்சம் இறங்கியது. ராயர் அவசரமாக முன்னால் வந்தார்.

"சூழ்ச்சி! அரசே, இது வெறும் சூழ்ச்சி! வரப்போகும் ஆடை பழசாகாது, சரி. படத்தில் உடுத்தியிருப்பது? இந்த வேட்டி? இது நாளைக்கே பழசாகிவிடாதா?"

சாத்தப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "ராயரே, தாங்கள் போட்டிருக்கும் இந்த அங்கிக்குள் என்ன இருக்கிறது?"

"இன்னோர் அங்கி."

"அதற்குள்?"

"கச்சை. எதற்கு இந்தக் கேள்வியெல்லாம்?"

"அதற்கும் உள்ளே?"

"சபையில் கேட்கிற கேள்வியா இது!" ராயரின் மயிற்பீலி படபடத்தது.

"பதில் சொல்லுங்கள் ராயரே" என்றார் அரசர். அவருக்கும் கேட்க ஆசை வந்துவிட்டது.

ராயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வேட்டி."

"என்ன நிறம்?"

"வெள்ளை."

"தங்கள் தகப்பனார் வீட்டில் இருக்கும்போது என்ன கட்டுவார்?"

"வேட்டிதான்... வெள்ளை."

"அவருடைய தகப்பனார்?"

பிரபுக்கள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு முதிய தளபதி தம் கச்சையைக் கொஞ்சம் விலக்கிக் குனிந்து பார்த்து, அதற்குள்ளும் வேட்டிதான் இருக்கிறது என்று நிச்சயம் செய்துகொண்டார்.

"அரசே" என்றான் சாத்தப்பன். இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை. "மேலே போடுவது ராயர் சொல்லி மாறுகிறது. அடியில் கட்டுவதை யாரும் சொல்லி மாற்றவில்லை. வடிவு தங்களை மறைக்கவில்லை. தலை முதல் கால் வரை வரைந்திருக்கிறாள். சித்திரமண்டபத்தில் இத்தனை படங்கள் இருக்கின்றன. ஒன்றிலாவது ஓர் அரசர் சந்தோஷமாக இருக்கிறாரா என்று பாருங்கள்."

அரசர் எழுந்து வந்தார். படத்தின் முன் வெகுநேரம் நின்றார். படத்தில் இருந்த மனிதர் அவரைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு என்னவோ போல் இருந்தது. இவ்வளவு நாளாக ஓவியம் என்றால் தலைப்பாகையைத்தான் முதலில் பார்ப்பார். இன்றைக்குத் தம் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வடிவிடம், வேறு யாருக்கும் கேட்காதபடி, "நான் இப்படியா சிரிப்பேன்?" என்று கேட்டார்.

"அன்னிக்கு அப்படித்தான் சிரிச்சீங்க ராஜா" என்றாள் அவள்.

ராயருக்கு எல்லாம் கைநழுவிப் போவது தெரிந்தது. கடைசியாக ஒரு பிடியைப் பிடித்தார். "அரசே! ஏமாறாதீர்கள்! அளவு எடுத்தாயிற்று, துணி இருக்கிறது. தையற்காரன் தைத்துக் கொடுத்துவிட்டால்? ஆடை வந்துவிடும் அல்லவா? வந்துவிட்டால் அது பழசாகும் அல்லவா?"

சபை சாத்தப்பனைப் பார்த்தது. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். சபையின் ஓரத்தில் தூணோடு தூணாக நின்ற இருளப்பனைக் கையால் காட்டினான். "படத்தில் இருப்பவர் அங்கேயே இருக்கிறார். அவரையே கேட்டுவிடலாம்."

அரசர் திரும்பினார். "இருளப்பா! வசந்த விழாவுக்கு என்று நீ அளவெடுத்தாயே, அந்த அங்கி எங்கே? இன்றைக்குத்தானே விழா?"

இருளப்பன் கைகட்டி, தலையைச் சொறிந்து, யுகம் யுகமாகத் தையற்காரர்கள் சொல்லிவருகிற அந்தப் பதிலை யோசிக்காமல் சொன்னார்.

"காஜா மட்டும்தான் பாக்கி அரசே. நாளைக்குக் கண்டிப்பாகத் தந்துவிடுகிறேன்."

முதலில் அந்த முதிய தளபதிதான் வெடித்துச் சிரித்தார். அவருடைய மகள் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டை பேரன் பிறந்த பிறகுதான் வந்தது. பிறகு பிரபுக்கள், காவலர்கள், சாமரம் வீசுகிற பெண்கள் என்று சபை முழுக்கச் சிரித்தது. அரசர் படத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். படத்திலும் வெளியிலும் ஒரே முகம் இருந்தது. ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று இருளப்பனுக்கு மட்டும் புரியவில்லை.

"ராயரே, கேட்டீர்களா?" என்றார் அரசர் மூச்சு வாங்கிக்கொண்டு. "அந்த ஆடை நாளைக்குத்தான் வருமாம். என் பேரன் வந்து கேட்டாலும் நாளைக்குத்தான்!"

அவர் தம் கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றி வடிவின் கையில் வைத்தார். "அம்மா, சித்திரமண்டபம் இனி உன் பொறுப்பு. யாரை எப்படி வரைய வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்." பிறகு சாத்தப்பனிடம் திரும்பினார். "உன் வாயை அடைக்க நினைத்தார் ராயர். இப்போது தண்டனையை நீ சொல். அவர் வாயை அடைத்துவிடலாமா?"

ராயர் தலைகுனிந்து நின்றார். மயிற்பீலிகளும் சேர்ந்து குனிந்தன. சாத்தப்பன் அவரைப் பார்த்தான். வாயடைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. பகையாளிக்குக்கூட அது வேண்டாம் என்று தோன்றியது.

"வேண்டாம் அரசே. ராயர் பேசாமல் இருந்தால் எனக்குச் சபையில் வேலையே இருக்காது. அவர் நிறையப் பேசட்டும்."

அரசர் மறுபடி சிரித்தார். ஏரிக்கரையை ஒட்டிய நல்ல நிலம் ஒன்றைச் சாத்தப்பனுக்கு அங்கேயே எழுதிக்கொடுக்கச் சொன்னார்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விழா முடிந்து கொஞ்ச நாளில், திரைபோட்ட பல்லக்கு ஒன்று வடிவின் வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளிருந்து ராயர் இறங்கினார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு முற்றத்துக்குள் நுழைந்தார்.

"அம்மா" என்றார் தயங்கித் தயங்கி. "எனக்கும் அந்த மாதிரி ஒன்று வரைய முடியுமா?"

"எந்த மாதிரி ஐயா?"

"அளவு கொடுக்கிற மாதிரி."

வடிவு ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. இருளப்பனுக்கு ஆள் அனுப்பினாள். ராயர் அங்கிகளையும் சால்வைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் குவித்தார். குவியல் இடுப்பளவு வந்தது. வெறும் வேட்டியோடு நின்றபோது, அவர் யாரும் நினைத்ததைவிட ஒல்லியான மனிதராக இருந்தார். கைகளை விரித்தார். இருளப்பன் நூலை அக்குளுக்குக் கொண்டுபோனார்.

அரசருக்காவது பரவாயில்லை, ராயருக்குக் கூச்சம் அதைவிட அதிகம். அவர் போட்ட சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. அந்த வழியாகப் போன சாத்தப்பன் நின்று எட்டிப் பார்த்தான். வல்லபராயர் வாய்விட்டுச் சிரித்து அவன் அதுவரை பார்த்ததே இல்லை. ராயரும் அவனைப் பார்த்துவிட்டார். கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தார், முடியவில்லை. நூல் இடுப்புக்கு வந்திருந்தது.

"சாத்தப்பா... ஹா ஹா... இவனைக் கொஞ்சம்... ஹா ஹா... நிறுத்தச் சொல்லேன்!"

"நாளைக்குச் சொல்கிறேன் ராயரே" என்றான் சாத்தப்பன்.

ராயர் அப்படிச் செய்தார் என்று தெரிந்ததும் மற்றப் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் பாக்கியில்லாமல் வடிவின் வாசலில் வந்து வேட்டியோடு நின்றார்கள். இருளப்பன் தினமும் படங்களுக்கு நூல் பிடித்துக்கொண்டு நின்றதில், வருடம் முழுக்க ஓர் அங்கிகூடத் தைக்கவில்லை. புது அங்கி வராததால் நாட்டில் மோஸ்தரும் மாறவில்லை. இதைச் சாத்தப்பன் சபையில் போய்ச் சொன்னபோது, மணிமார்பர் சிங்காசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவருக்குப் பக்கத்து ஆசனத்தில் ராயரும் சிரித்தார் என்று கேள்வி.

ஏரிக்கரை நிலத்தில் சாத்தப்பன் வெண்டை போட்டான். காய்த்துக் குலுங்கியது. முதல் பறிப்பில் பாதியை வடிவு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். அவர்கள் நல்லபடி சாப்பிட்டார்கள், நாமும் எழுந்துபோய்ச் சாப்பிடலாம்.